உண்ணி வந்த வீட்டில் நாயை வைத்துக்கொண்டோம்

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டில் உண்ணி பெருகிவிட்டது என்று தெரிந்ததும் அயலவர்களும் உறவினர்களும் சொன்ன யோசனை ஒன்றேதான்: நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அப்படி விடப்பட்ட நாய்கள் எத்தனை உப்புவெளிக் கடற்கரையோரம் சொறியும் பசியுமாக அலைகின்றன என்பது நிலாவெளி வீதியால் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஜிம்மியை அந்தக் கூட்டத்தில் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. அவனை விட்டிருந்தால் எங்களுக்குத்தான் ஆபத்து கூடியிருக்கும் என்பதை மிருக வைத்தியர் பின்னர் விளக்கினார். அந்த விளக்கம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது ஜிம்மியின் சோர்வு. படலைச் சத்தம் கேட்டால் பாய்ந்து வருகிறவன் விறாந்தையை விட்டு எழும்பவில்லை. மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெளிறிப்போயிருந்தது. சிறுநீர் கடும் பழுப்பு நிறம். காது மடலைப் புரட்டியபோதுதான் விடயம் விளங்கியது. உள்மடிப்பில் இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணிகள் ஆமணக்கு முத்துப் போலச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தன. அவற்றைச் சுற்றித் தட்டையான, செம்பழுப்பு நிறச் சிறியவையும் இருந்தன. விரல் இடுக்கு, கழுத்துப் பட்டியின் அடி, அக்குள், வாலின் கீழ்ப்புறம், கண்ணிமை ஓரம் என்று தேடத் தேட வந்துகொண்டே இருந்தன.

அன்றைக்கே ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் காதின் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். செங்குழியங்களுக்குள் மிகச் சிறிய வளையங்கள் தெரிந்தன. பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி அது. இலங்கையில் நாய்களுக்கு உண்ணியால் வரும் நோய்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது என்றார். செங்குழியங்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கும். அதனால்தான் முரசு வெளிறுகிறது, சிறுநீர் நிறம் மாறுகிறது. ஆரோக்கியமான நாயின் இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். ஜிம்மிக்கு 18. இன்னும் இறங்கினால் வேறொரு நாயிடமிருந்து இரத்தம் எடுத்து ஏற்ற வேண்டி வரும் என்றார்.

"ஓர் ஊசியோடு முடிந்துவிடுமா டொக்டர்?" என்று கேட்டேன். "பெரிய வகைப் பபேசியாவாக இருந்தால் ஊசி நன்றாக வேலை செய்யும் தங்கச்சி. இது சிறிய வகை, பிடிவாதமானது. வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது" என்றார். டொக்சிசைக்ளின், கிளின்டமைசின், மெற்றோனிடசோல் மூன்றையும் சேர்த்து எழுதித் தந்தார். இவற்றின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. வேறு நாய்க்கு எழுதிய துண்டைப் பார்த்து மருந்து வாங்கிக் கொடுக்கக் கூடாது. டொக்சிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம், பாலில் கரைத்தும் கொடுக்க வேண்டாம், சோற்றோடு கொடுத்துப் பின்னால் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்றும் சொன்னார். தொண்டைக்குழாயில் சிக்கினால் அந்த மாத்திரை புண்ணாக்கிவிடும். நாய் தேறிய பிறகும் ஒட்டுண்ணி முற்றாகப் போகாமல் உடம்பில் தங்கியிருக்கலாம். ஆகவே ஜிம்மி இனி எந்த நாய்க்கும் இரத்தம் கொடுக்க முடியாது. தெரு நாய்களோடு கடிபடவும் விடக்கூடாது, ஏனென்றால் இந்த நோய் கடியாலும் தொற்றும்.

நாங்கள் எல்லோரும் மான்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். திருகோணமலைப் பட்டினத்தில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையப் பக்கமும் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் திரிவதைப் பார்க்காதவர் இல்லை. மான் மேய்ந்த புல்லில் உண்ணி இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜிம்மியின் உடம்பில் பெரும்பாலும் இருந்தது பழுப்பு நாய் உண்ணி. குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்ற மூன்று பருவத்திலும் அது நாயையே தேடும். முதல் இரண்டு பருவத்திலும் இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, பக்கத்திலுள்ள வெடிப்புக்குள் ஒளிந்து, தோல் கழற்றி, மறுபடி நாய் மீது ஏறும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டுக்குப் போகாமல் வீட்டுச் சுவருக்குள்ளேயே பரம்பரை நடத்தக்கூடிய உண்ணி இதுதான்.

வீட்டைத் தேடியபோது அது கண்கூடாகத் தெரிந்தது. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. விறாந்தைச் சுவரில் சீமெந்து வெடித்த கோட்டின் வழியே, கூரைமரம் சுவரில் பொருந்தும் இடம்வரை வரிசையாக இருந்தன. கதவு நிலையின் பின்புறம், சாமிப் படச் சட்டத்தின் பின்புறம், ஜிம்மி படுக்கும் சாக்கின் தையல் மடிப்பு எல்லாவற்றிலும் இருந்தன. ஒரு வெடிப்பில் ஈர்க்கை விட்டுக் கிளறியபோது பளபளப்பான பழுப்பு முட்டைகள் குவியலாக வந்தன.

நாயை விடக்கூடாது என்பதற்கு வைத்தியர் சொன்ன காரணத்துக்கு இப்போது வருகிறேன். முதிர்ந்த உண்ணி இரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாயை அனுப்பிவிட்டால் சுவரில் இருப்பவை சாகப்போவதில்லை, பசியோடு காத்திருக்கும். கோடை வெக்கையில் பசித்த நாய் உண்ணி மனிதரையும் கடிக்கத் துணியும். மாறாக, உண்ணியைக் கொல்லும் மருந்து கொடுத்த நாய் அதே வீட்டில் நடமாடினால், ஏறுகிற உண்ணியெல்லாம் அதைக் கடித்துச் சாகும். "இனி உங்கள் வீட்டைத் துப்புரவாக்கப் போகிறவன் ஜிம்மிதான்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் தந்தது ஃப்ளூரலனர் மாத்திரை. ஒன்று கொடுத்தால் 12 வாரம் வரை உண்ணியைக் கொல்லும். வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மருந்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அதை முதலில் கேட்டுக்கொண்டார். விலை எங்களுக்குப் பாரம்தான். ஆனாலும் மாதக்கணக்கில் வாங்கும் பவுடர், சவர்க்காரம், கழுவும் மருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரை கொடுத்த பின்னும் உடம்பில் உண்ணி ஏறுவதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கடித்த பிறகுதான் அது சாகும்.

கழுவும் மருந்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். அமிட்ராஸ் கலந்த தண்ணீரைக் கிணற்றடியிலோ மீன்தொட்டிக்குப் பக்கத்திலோ ஊற்றாதீர்கள், மீனுக்கு அது நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து எதையும் கொண்டுவராதீர்கள். நாய்க்குப் பழுதில்லாத அளவே பூனையைக் கொன்றுவிடும். எங்கள் பூனை ஜிம்மியின் முதுகில் சாய்ந்து தூங்குகிற பிறவி என்பதால் நாங்கள் இதில் மிகக் கவனமாக இருந்தோம்.

வீட்டு வேலையில் மாயம் எதுவும் இல்லை. சாக்கை எரித்தோம். விரிப்புத் துணிகளை அவித்தோம். வெடிப்புகளைச் சுரண்டிச் சீமெந்து பூசினோம். கூட்டிய குப்பையை வளவில் கொட்டாமல் எரித்தோம். முட்டைகள் பொரிக்கப் பொரிக்கப் புதிதாகக் குஞ்சுகள் வரும் என்பதால் இதை ஒரு தடவையோடு நிறுத்த முடியாது. அந்தக் கோடை முழுவதும் செய்தோம்.

இந்த வேலைக்கு நடுவில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கடும் தலையிடி, மூட்டு நோ. டெங்கு என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம், இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. வீட்டில் உண்ணி இருக்கிறது, அம்மா அதைப் பிடுங்கி நகத்தால் நசுக்குகிறவர் என்று நான் சொன்னதும் டொக்டரின் கேள்விகள் மாறின. நசுக்கும்போது தெறிக்கும் நீர் தோலின் கீறல் வழியாகவோ கண் வழியாகவோ போனாலும் ரிக்கெற்சியா கிருமி தொற்றலாம் என்றார். அக்குள், இடுப்பு, மார்பின் கீழ் எல்லாம் கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடினார்கள். பற்றைக்காட்டுச் சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலிலும் அத்தகைய பொருக்கு வரும். அம்மாவுக்குப் பொருக்கு இல்லை. எல்லோருக்கும் வருவதில்லையாம். இரத்தத்தைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் முடிவுக்குக் காத்திராமல் டொக்சிசைக்ளின் தொடங்கிவிட்டார்கள், ஏனென்றால் பிந்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டது. மருந்துக்கு இவ்வளவு விரைவில் அடங்குவதே ஓர் அடையாளம் என்றார் டொக்டர். ஜிம்மியின் பபேசியா மனிதருக்குத் தொற்றுவதில்லை என்பதையும் அவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டோம். இரண்டு நோயும் வேறு, கொண்டுவருகிற பிராணிதான் ஒன்று.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் உண்ணியைக் கையால் தொடுவதில்லை. கூர்நுனி இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுக்கிறோம். எடுத்ததைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போடுகிறோம். கடித்த இடத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோம். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாம். உண்ணி விடாது, தோல்தான் வெந்துபோகும். பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி ஏறுவது இலங்கையில் அபூர்வமல்ல. காது குடைகிறது, உள்ளே ஏதோ ஊர்கிறது என்று பிள்ளை சொன்னால் குச்சி விடாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஜிம்மி மறுபடி உடம்பு பிடித்துவிட்டான். ஆனால் எங்கள் படலையடியில் படுக்கும் தெருநாய்க்கு மருந்து இல்லையென்றால் மாரி முடிந்ததும் உண்ணி திரும்பவும் வரும். அதனால் அடுத்த வீட்டு அக்காவும் எதிர்வீட்டு ஐயாவும் நாங்களும் காசு சேர்த்து அதற்கும் ஒரு மாத்திரை வாங்கினோம். அடுத்த மாத்திரைக்குரிய திகதியை அக்கா தன் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். நாயை விடச் சொன்னவர்களில் முதலாமவர் அவர்தான்.