வி883 ஓரி தட்டு: அல்மா காப்பகத் தரவிலிருந்து படம்வரை

வி883 ஓரி என்ற இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசி-வாயுத் தட்டை, சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசையின் காப்பகத் தரவிலிருந்து 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் படமாக்குகிறோம். படம் நம்பக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. வாயு வரிகளின் (மூலக்கூறுகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் விடும் ஒளியின்) வேலை பாதியில் நிற்கிறது. தட்டின் நிறையை ஒற்றை எண்ணாகச் சொல்ல வழியில்லை; ஏன் என்பதற்கான கணக்கு கீழே இருக்கிறது.

முதலில் இலக்கு. ஓரியன் பகுதியில் ஏறத்தாழ 400 பார்செக் (சுமார் 1,300 ஒளியாண்டு) தொலைவில் உள்ள இளம் விண்மீன் இது. நிறை சூரியனைப் போல் 1.3 மடங்கு. தட்டிலிருந்து பொருள் திடீரென மிகுதியாக உள்ளே கொட்டுவதால் ஒளி பல மடங்கு எகிறி, பல பத்தாண்டுகள் அங்கேயே நிற்கும் எஃப்யூ ஓரியானிஸ் வகையைச் சேர்ந்தது. வகைக்குப் பெயர் தந்த எஃப்யூ ஓரி 1936-37இல் எகிறியது, இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வி883 எகிறத் தொடங்கியதை யாரும் நேரில் பார்க்கவில்லை. நிறமாலையை வைத்துத்தான் இந்த வகையில் சேர்த்தார்கள். (வெடிக்கும் இளம் விண்மீன்களில் பொழுதுபோக்கு வானியலாளர்களுக்குப் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2004 ஜனவரியில் வி1647 ஓரியின் வெடிப்பால் ஒளிர்ந்த நெபுலாவை, சுமார் 7.6 செ.மீ. தொலைநோக்கியில் கண்டுபிடித்தவர் ஜே மெக்நீல்.)

அல்மா காப்பகத்தில் பெரும்பாலான தரவு, ஆய்வாளர் கைக்குப் போய் 12 மாதம் கழிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிடும். விண்மீன் பெயரைக் கொடுத்து, பட்டை 6 (1.3 மி.மீ. அலைநீளப் பகுதி), பிரிதிறன் 0.05 வில்விநாடிக்குக் (வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) கீழே என்று வடிகட்டினால் போதும். 16 கி.மீ. வரை விரித்த ஆன்டெனாக்கள் 1.3 மி.மீ. அலைநீளத்தில் 0.02 வில்விநாடி அளவுக்குப் பிரித்துக் காட்டும். 400 பார்செக்கில் ஒரு வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம்) 0.0025 வில்விநாடி. ஆக 0.03 வில்விநாடி பீம் (படத்தில் பிரித்துக் காணக்கூடிய மிகச்சிறிய திட்டு) என்பது 12 அலகு. இதைவிட அகன்ற பீமில் தட்டின் உட்பகுதி ஒரே திட்டாகத்தான் தெரியும்.

காப்பகம் தருவது மூலத் தரவும், அதை அளவுதிருத்தும் (கருவி, வளிமண்டலப் பிழைகளைக் களையும்) ஸ்கிரிப்டும். காசா என்பது அல்மா தரவுக்கான மென்பொருள். அதன் எந்தப் பதிப்பில் தரவு முதலில் அளவுதிருத்தப்பட்டதோ அதே பதிப்பில், பைப்லைன் (தானியங்கித் திருத்த நிரல்) சேர்ந்த தொகுப்பில் ஓட்ட வேண்டும். புதிய பதிப்பில் ஓட்டினால் பாதி வழியில் நிற்கும். அல்லது, அதைவிட மோசமாக, நிற்காமல் ஓடி வேறொரு விடையைத் தரும். பதிப்பு எண் தரவோடு வரும் அறிக்கையில் இருக்கிறது. வட்டில் மூலக் கோப்பைப் போல் மூன்று மடங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

திருத்தம் முடிந்ததும் காசாவின் லிஸ்ட்ஆப்ஸ் கட்டளையைப் போட்டு இலக்கின் எண்ணைப் பார்த்து, ஸ்ப்ளிட் கட்டளை மூலம் அதை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். தொடர் ஒளிக்கு (தூசியிலிருந்து எல்லா அலைநீளத்திலும் வருவது) 125 மெகாஹெர்ட்ஸ், 30 விநாடி என்று சராசரி எடுத்தால் சாதாரண மேசைக் கணினியே தாங்கும். மையத்திலிருந்து 1 வில்விநாடிக்குள் நிற்கும் தட்டு இந்தச் சராசரியால் மங்காது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்தத் தட்டில் மெத்தனால், அசிட்டால்டிஹைடு, மெத்தில் ஃபார்மேட் என்று கரிம மூலக்கூறு வரிகள் நெருக்கமாக நிற்கின்றன. கார்பன் மோனாக்சைடு வரியை மட்டும் விலக்கிவிட்டு மீதியைத் தொடர் ஒளி என்று எடுத்தால் மையத்துப் பிரகாசம் சற்றுக் கூடிப்போகும். நிறமாலையைக் கண்ணால் பார்த்து, வரியில்லாத சேனல்களை (அலைவெண் துண்டுகளை)க் கையால்தான் பொறுக்க வேண்டும்.

தரவைப் படமாக்கிச் சுத்தம் செய்யும் டிகிளீன் கட்டளையின் அமைப்புகள்: செல் (ஒரு பிக்சல்) 0.005 வில்விநாடி, படம் 1024 பிக்சல், பிரிக்ஸ் எடையில் (இரைச்சலையும் கூர்மையையும் சமன் செய்வது) ரோபஸ்ட் 0.5, ஒளி அலைவெண்ணோடு மாறுவதையும் கணக்கில் கொள்ளும் எம்டிஎம்எஃப்எஸ் முறையில் இரண்டு உறுப்பு, ஸ்கேல் 0, 6, 18 பிக்சல். மாஸ்க் (சுத்தம் செய்யும் எல்லை) கையால் வரைந்த நீள்வட்டம். ரோபஸ்ட்டை 2க்கு ஏற்றினால் இரைச்சல் குறையும், ஆனால் பீம் தடித்து உள்ளமைப்பு கரைந்துபோகும். -0.5க்கு இறக்கினால் பீம் கூர்மையாகும், விளிம்பில் தட்டு சில்லு சில்லாக உடையும். அந்தச் சில்லுகளை வளையம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேரம் அதிகம் கேட்டது சுயதிருத்தம், அதாவது இலக்கின் படத்தையே மாதிரியாக வைத்துத் தரவைத் திருத்துவது. நீண்ட அடித்தளங்களில் (இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான தூரங்களில்), அல்மா நிற்கும் 5,000 மீட்டர் உயரத்துச் சஹ்னன்டோர் சமவெளியிலும் நீராவி அலைகளின் கட்டத்தை (வந்துசேரும் நேர ஒத்திசைவை)க் குலைக்கிறது. ஆன்டெனாக்களின் நீராவிமானியும், அருகிலுள்ள குவாசரை அடிக்கடி பார்ப்பதும் அதன் பெரும்பகுதியைச் சரிசெய்யும். மிச்சம் இருப்பது படத்தில் ஒளிவட்டமாகப் பரவும். மூலம் பிரகாசமானது என்பதால் அதையே கொண்டு திருத்தலாம். கெயின்கால் கட்டளையில் கட்டம் மட்டும், இரு முனைவாக்கத்தையும் சேர்க்க கெயின்டைப் 'டி', எல்லா அலைச்சாளரங்களையும் இணைத்து, குறைந்தபட்சச் சமிக்ஞை விகிதம் 3. முதல் சுற்றில் கால இடைவெளி 'இன்ஃப்' (இயன்றவரை நீளம்), பிறகு 120 விநாடி, பிறகு 60. முதல் சுற்றுக்கான மாதிரியை மேலோட்டமாகவே சுத்தம் செய்ய வேண்டும். இரைச்சலையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் அந்த இரைச்சல் மாதிரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்தடுத்த சுற்றுகள் அதைப் பலப்படுத்தும், படம் மட்டும் அழகாகிக்கொண்டே போகும்.

எங்கே நிறுத்துவது? உச்சப் பிரகாசம் ஏறி, இரைச்சல் இறங்கி, மொத்த ஒளி மாறாமல் இருக்கும்வரை தொடரலாம். தொலைவில் நிற்கும் ஆன்டெனாக்களின் தீர்வுகள் கொத்தாகக் கிடைக்காமல் போகத் தொடங்கினால் முந்தைய சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். வீச்சு (அலையின் வலிமை) திருத்தத்தைத் தொடவில்லை. அது மொத்த ஒளியையே நகர்த்திவிடும். இந்தத் திட்டமே ஒளி அளவை நம்பித்தான் நிற்கிறது. சரிபார்க்க எளிய வழி, பிளாட்எம்எஸ் வரைபடக் கருவியில் மிகக் குறுகிய அடித்தளங்களின் வீச்சையும் படத்தில் கூட்டிய மொத்தத்தையும் ஒப்பிடுவது. படத்து மொத்தம் குறைந்தால் சுத்தம் போதவில்லை, அல்லது மாஸ்க் சிறியது.

இரண்டும் ஒத்துப்போனாலும் எல்லா ஒளியும் வந்துவிட்டது என்று பொருளில்லை. மிகக் குறுகிய அடித்தளம் 150 மீட்டர் என்றால், 1 வில்விநாடிக்கு மேல் அகன்ற எதுவும் தரவிலேயே இல்லை. தட்டு தப்பிக்கும், சுற்றியுள்ள உறை போய்விடும். மூலத்தைச் சுற்றி எதிர்மறைக் குழி தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி நிறை. வழக்கமான சூத்திரத்தில் ஒளியைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கி, தூசியின் உறிஞ்சுதிறனாலும் பிளாங்க் மதிப்பாலும் (அந்த வெப்பநிலையில் பொருள் ஒளிரும் அளவு) வகுப்போம். மாதிரிக்கு 230 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ ஒளியளவின் அலகு), 400 பார்செக், ஒரு கிராம் தூசிக்கு 2.3 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அமைதியான தட்டுகளுக்கு வழக்கமாகப் போடும் 20 கெல்வினைப் போட்டால் தூசி சுமார் 455 பூமி நிறை. 100 கெல்வினைப் போட்டால் 72. வெடிப்பு சூடாக்கிய தட்டுக்கு 20 கெல்வின் போடுவது, நிறையை ஆறு மடங்கு ஊதிக்காட்டும் வேலை.

அப்படியானால் 100 போட்டுவிடலாமே என்றால், அதற்கும் தடை இருக்கிறது. பிரகாச வெப்பநிலையை (அதே பிரகாசத்தைத் தரும் ஊடுருவாத பொருளின் வெப்பநிலையை)க் கணக்கிட்டால் தெரியும்: 0.03 வில்விநாடி பீமில் 1 மில்லிஜான்ஸ்கி என்பது 26 கெல்வின், 4 என்றால் 103. (ரேலி-ஜீன்ஸ் என்ற எளிய தோராயம் இது, உண்மை வெப்பநிலை 5 கெல்வின் போலக் கூடும்.) பிரகாச வெப்பநிலை தூசியின் எதிர்பார்த்த வெப்பநிலையைத் தொடும் இடத்தில் தட்டு ஒளி ஊடுருவாதது, அங்கே மேற்பரப்பைத்தான் பார்க்கிறோம், அடியில் எவ்வளவு கிடக்கிறது என்பது தெரியாது. உட்பகுதியில் கிடைப்பது கீழ்வரம்பு மட்டுமே.

பனிக்கோட்டுச் (நீராவி பனியாக உறையத் தொடங்கும் எல்லை) சிக்கலும் இதோடு பிணைந்தது. 2016இல் வெளியான அல்மா படத்தில் 42 அலகில் பிரகாசம் சட்டென்று விழுவதை நீரின் பனிக்கோடு என்று படித்தார்கள். 2023இல் நீராவி வரிகளையே பார்த்தபோது கோடு இன்னும் வெளியே, 80 அலகு அளவில் இருப்பதாகத் தெரிந்தது. எனவே நம் படத்திலும் 0.1 வில்விநாடியில் வரும் அந்த முறிவுக்கு, ஊடுருவாத பகுதியின் விளிம்பு என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறோம்.

சி18ஓ (கனமான ஆக்சிஜன் கொண்ட கார்பன் மோனாக்சைடு) வரியில் சுழற்சி தெளிவாகக் கிடைக்கிறது. 1.3 சூரிய நிறை, 38 பாகை சாய்வு என்றால் 100 அலகில் பார்வைக்கோட்டு வேகம் நொடிக்கு 2.1 கி.மீ. வர வேண்டும். அந்த வளைவை நிலை-வேகப் படத்தின் (மையத்திலிருந்து தூரத்துக்கு எதிராக வேகத்தைக் காட்டுவது) மேல் வரைந்து ஒப்பிடலாம். நடுவில் தெரியும் ஓட்டையை வாயு இல்லாத இடம் என்று படிக்க வேண்டாம்: ஊடுருவாத தூசி வரியை மறைக்கிறது, தொடர் ஒளியைக் கழிப்பது மிச்சத்தையும் தின்கிறது. கழிக்காத படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பட்டை 3 (100 கிகாஹெர்ட்ஸ் பகுதி). பட்டை 6க்குள்ளேயே 216, 234 கிகாஹெர்ட்ஸ் என்று இரு ஓரங்களை எடுத்து நிறமாலைச் சாய்வு (அலைவெண்ணோடு ஒளி கூடும் வேகம்) காணலாம்தான். ஆனால் ஓரங்களுக்கிடையே 2 சதவீதப் பிழை இருந்தாலே சாய்வில் 0.25 ஆடும். 100 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், அல்மா சொல்லும் 5, 10 சதவீத அளவுதிருத்தப் பிழைகளை வைத்தும் ஆட்டம் 0.13தான். இரண்டு தரவையும் கிலோலாம்டா (ஆயிரம் அலைநீளம்) கணக்கில் ஒரே அடித்தள எல்லைக்கு வெட்டி, ஒரே பீமுக்கு மழுக்கிய பிறகே வகுக்க வேண்டும். சுயதிருத்தம் மையத்தைச் சற்று நகர்த்தியிருக்கும். இரு படங்களின் உச்சியையும் இம்ஃபிட் கட்டளையில் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்று வைக்காவிட்டால், தட்டின் ஒரு பக்கம் சாய்வு 2க்குக் கீழும் மறுபக்கம் 3க்கு மேலும் போலியாக வரும்.