ஜெர்சியோடு அளந்த பன்னிரண்டு போர்: தட்டுச் சுடுதலுக்குத் துவக்குத் தேர்வு

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு இங்கே தட்டுச் சுட, அதாவது வானில் எறியப்படும் சிறு தட்டைத் துவக்கால் உடைக்க, நிற்பவர் உள்ளே ஜெர்சியும் மேலே தடித்த ஜாக்கெட்டும் போட்டிருப்பார். கொழும்பில் மெல்லிய சேர்ட்டோடு தோளில் வைத்துப் பார்த்து வாங்கிய துவக்கு, மலைக்கு வந்ததும் தட்டுக்குக் கீழே சுடுவதற்குக் காரணம் இந்த உடுப்புத்தான். அதைக் கடதாசியில் அளந்து திருத்திய விவரம் இது.

எடுத்துக்கொண்டது குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த இரட்டைக்குழல்: பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு), 30 அங்குலக் குழல், எடை 3.6 கிலோ. பழைய ஒற்றைக்குழல் இதற்குச் சரிவராது. ஸ்கீட்டில் (இரு பக்கமிருந்தும் தட்டு குறுக்கே பறக்கும் ஆட்டம்) தட்டுகள் சோடியாகவும் பறக்கும், இரண்டாவது வெடி கட்டாயம் வேண்டும். ஒற்றைக்குழல் எடையும் குறைவு. 25 தோட்டா முடியுமுன் தோள் கன்றிவிடும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் தானியங்கி உதைப்பைக் குறைக்கும், ஆனால் குழல் ஒன்றென்பதால் இரண்டு வெடிக்கும் ஒரே சோக்தான் (குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய் ஒடுக்கம்). அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை கையில் முடிந்த பிறகே கடைப்பக்கம் போவது நல்லது.

முதல் நாள், அளவு. விசையிலிருந்து பிடங்கின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) முனைவரை 37 சென்ரிமீற்றர். சேர்ட்டோடு தோளில் ஏற்றினால் மூக்குக்கும் பெருவிரலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி, அது சரி. ஜெர்சியும் ஜாக்கெட்டும் போட்டதும் பிடங்கின் இறப்பர் அடி அக்குளில் சிக்கியது. துணியின் தடிப்பு ஒன்றரை சென்ரிமீற்றர்.

இரண்டாம் நாள், கடதாசி. ஒரு மீற்றர் அகல பிறவுன் கடதாசி, நடுவில் கறுப்புப் புள்ளி, தூரம் 15 மீற்றர், மிக இறுக்கமான ‘புல்’ சோக். குறிபார்த்து நிதானமாகச் சுடக்கூடாது. தட்டுக்கு ஏற்றுவதுபோல் சட்டென ஏற்றிச் சுட வேண்டும். ஒரே கடதாசியில் எட்டு வெடி. சேர்ட்டோடு சுட்டபோது சன்னக் (தோட்டாவின் சிறு குண்டுகள்) கூட்டத்தின் நடு புள்ளியில் விழுந்தது. ஜாக்கெட்டோடு சுட்டபோது 2 சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிட்டது.

ஏன் இறங்குகிறது? இந்தத் துவக்கில் பின் குறி கிடையாது, சுடுபவரின் கண்தான் பின் குறி. பிடங்கின் மேல் விளிம்பு பின்னோக்கிச் சரிகிறது. குழலின் மேல்கோட்டிலிருந்து முன்புறத்தில் 38 மில்லிமீற்றர் தாழ்வு, குதியில் (பின்முனையில்) 57. துணி துவக்கை முன்னால் தள்ளியதும் கன்னம் அந்தச் சரிவில் பின்னால் போய் உட்காருகிறது, கண் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தாழ்கிறது. கன்னம் 1.6 மில்லிமீற்றர் மாறினால் 15 மீற்றரில் அடி 2.5 சென்ரிமீற்றர் மாறும் என்பது பழைய கணக்கு, அது இங்கே அப்படியே பொருந்தியது. 35 மீற்றரில் இந்தப் பிழை நாலரை சென்ரிமீற்றர் ஆகிவிடும். 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு என்றாலும், பக்கவாட்டில் தெரியும் உயரம் இரண்டரை சென்ரிமீற்றர்தான்.

மூன்றாம் நாள், திருத்தம். இறப்பர் அடிக்குள் இருந்த 6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டையும் கழற்றியதும் சன்னம் புள்ளிக்கே ஏறிவிட்டது. ட்ராப் ஆட்டத்தில் தட்டு சுடுபவரை விட்டு விலகி மேலேறிக்கொண்டே போவதால் சற்று மேலே சுடும் துவக்கு வேண்டும். கன்னம் படும் இடத்தில் 2 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஃபெல்ட் பட்டி ஒட்டியதில் அடி 3 சென்ரிமீற்றர் உயர்ந்தது. தகடு கழற்ற முடியாத துவக்கை வாங்குவதாக இருந்தால் மேல் விளிம்பு சரியாமல் நேராக ஓடும் பிடங்கைத் தேடுங்கள். ஜாக்கெட்டோடும் இல்லாமலும் ஒரே இடத்தில் சுடுவது அதுதான். கம்பெனிப் பெயரெல்லாம் இதற்குப் பிறகு பார்க்கலாம்.

சோக்: ஸ்கீட்டுக்குச் சன்னத்தை அகலமாகப் பரப்பும் ஸ்கீட் சோக் போதும், தட்டு 20 மீற்றர் சுற்றில் உடையும். ட்ராப்புக்கு முதல் குழலில் நடுத்தர இறுக்கமான மொடிபைட், இரண்டாவதில் ‘புல்’. 24 கிராம் தோட்டாவில் ஏழரை நம்பர் சன்னம் சுமார் 300. மலைக்காற்று கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு ஐதானது, சன்னம் வேகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கும். அதற்காகச் சோக்கை மாற்றத் தேவையில்லை.

மூடுபனி இறங்கினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சன்னம் 200 மீற்றருக்கு மேலும் போய் விழும், சரிவில் இன்னும் தூரம் போகும். கீழ் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிரை பிடித்து நிற்பார்கள். தெரியாத மலையை நோக்கி ஒரு வெடியும் வேண்டாம்.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் குளிர்ந்த குழலில் நீர் வேர்க்கும். உறையை விட்டு வெளியே எடுத்து, அரை மணி நேரம் கழித்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, குழல்வாய் கீழே பார்க்க நிறுத்தவும். மேலே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் வடிந்து பிடங்கின் மரத்துக்குள் ஊறிவிடும். சோக்கை ஒவ்வொரு முறையும் கழற்றிப் புரியில் கிரீஸ் தடவுங்கள். ஒரு மழைக்காலம் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும்.