வேலையை விட்ட வருடத்தில் படித்த நாவல்கள்

இந்த வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். 31 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். நேரம் கிடைக்கும், நிறையப் படிக்கலாம் என்று நினைத்தேன். முதல் இரண்டு மாதம் ஒரு புத்தகத்தில்கூட மனம் நிற்கவில்லை. காலையில் அதே நேரத்துக்கு விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் மெல்ல மெல்லப் படிக்க ஆரம்பித்து, வருடக் கடைசிக்குள் 20 நாவல்களுக்கு மேல் முடித்துவிட்டேன். அவற்றில் மனதை விட்டுப் போகாத ஐந்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், ஐந்துமே வேலை செய்கிறவர்களின் கதை. தேடித் தேர்ந்தெடுத்தவை இல்லை, அப்படி அமைந்துவிட்டது.

எனக்கு வெகுநாளாக ஒரு குறை உண்டு. நாவல்களில் காதல் இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும், அரசியல் இருக்கும். ஆனால் கதாநாயகன் காலையில் வேலைக்குப் போவான், மாலையில் திரும்பி வருவான், நடுவில் அவன் என்ன செய்தான் என்று யாரும் சொல்வதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அங்கேதானே போகிறது? ஒருவனுடைய கோபம், பெருமை, பயம் எல்லாம் அங்கேதானே உருவாகின்றன?

முதலில் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காள நாவல், 1956-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது, தமிழில் த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தார். கிராமத்தில் பரம்பரையாக வைத்தியம் பார்க்கும் குடும்பத்தில் வந்த ஜீவன் மஷாய் என்ற கிழவர்தான் மையம். நாடி பார்ப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்தால் பிழைப்பாரா மாட்டாரா, மாட்டார் என்றால் ஏறக்குறைய எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். பெற்ற மகனுடைய நாடியைப் பிடித்தபோதும் விரலுக்குத் தெரிந்ததை அவரால் தெரியாததுபோல வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மேலே போகாமல் மூடி வைத்தேன்.

இந்த நேரத்தில் பிரத்யோத் என்ற இளம் டாக்டர் அதே ஊருக்கு வருகிறார். அலோபதி படித்தவர். சாகும் நாளை முன்கூட்டிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் கொடுமை என்று நினைக்கிறவர். ஒரு கிழவிக்குக் காலில் அடிபடுகிறது, இனிப் பிழைக்க மாட்டாள் என்கிறார் மஷாய். பிரத்யோத் அவளைக் காப்பாற்றிவிடுகிறார். இவரை நல்லவராகவும் அவரைக் கெட்டவராகவும் ஆக்கிக் கதையை முடிப்பது எழுதுகிறவருக்கு எவ்வளவு சுலபம்! தாராசங்கர் அதைச் செய்யவே இல்லை. பிரத்யோத் சொல்வது சரி, மஷாயிடம் இருப்பதும் வெறும் மூடநம்பிக்கை இல்லை, மூன்று தலைமுறை நோயாளிகளைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியில் சேர்ந்த அறிவு; ஆனாலும் அது போகிறது. மரணத்தைப் பார்வையும் செவியும் இல்லாத ஒரு பெண்ணாகச் சொல்லும் பழைய கதை நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது, மஷாய் அவளுடைய காலடி ஓசைக்காகக் காது கொடுப்பதுபோலத்தான் நாடியைப் பிடிக்கிறார். கடைசியில் தன் நாடியையே அவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை. அவ்வளவு காலம் கேட்டுக்கொண்டே இருந்தவர், வந்தவளையும் கவனிக்கிறார் என்றுதான் தோன்றியது.

ஏன் இவ்வளவு பாதித்தது என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்குத் தாளை முழுசாகக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே எந்த வரியில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிடும், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கடைசி ஐந்தாறு வருடங்களில் மென்பொருள் வந்தது, தப்பை ஒரு நொடியில் சிவப்பாகக் காட்டிவிடும். நல்ல விஷயம்தான், தப்புகள் குறைந்தன, இரவு வெகுநேரம் உட்காரும் வேலையும் குறைந்தது. ஆனால் என் கண்ணுக்கு இருந்த அந்தப் பழக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்து இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994-ல் வந்த அவருடைய முதல் நாவல். முன்பே ஒரு தடவை படித்திருக்கிறேன், அப்போது சாதிக் கொடுமையைச் சொல்லும் நாவல் என்று மட்டும் மனதில் பதிந்திருந்தது. அது உண்மைதான். ஊரே ஒதுக்கி வைத்த மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பம், அதாவது ஒதுக்கப்பட்டவர்களாலும் ஒதுக்கப்பட்டவர்கள். இந்தத் தடவை அந்தக் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் வேலையையே பார்த்துக்கொண்டு படித்தேன். அழுக்குத் துணி எடுப்பது, வெள்ளாவி வைப்பது, பிரசவத்துக்கும் சாவுக்கும் ஓடுவது, ராத்திரி வீடு வீடாய்ப் போய்ச் சோறு வாங்குவது, அறுவடை சமயத்தில் களத்தில் போய் நின்று தானியம் கேட்பது. அவள் கேட்பது கூலி, கொடுக்கிறவர்கள் அதைப் பிச்சைபோலப் போடுகிறார்கள். காலம் மாற மாற அந்தக் கொஞ்சமும் குறைந்துகொண்டே போகிறது. ஜீவன் மஷாயின் தொழில் போனபோது அவருக்கு மரியாதையாவது மிஞ்சியது. ஆரோக்கியத்துக்கு அதுவும் இல்லை. இரண்டு நாவலையும் ஒரே மாதத்தில் படித்ததால் இந்த வித்தியாசம் முகத்தில் அறைந்தது. தொழில் மறைகிறது என்று நாம் எல்லாவற்றையும் சேர்த்து வருத்தப்படுகிறோமே, ஆரோக்கியத்தின் தொழில் அந்த ஊரில் அந்த விதத்தில் தொடர்ந்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? அதே சமயம், அதை விட்டால் அவளுக்கு வேறு எதையும் யாரும் விட்டுவைக்கவில்லையே. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பல நாள் யோசித்தேன், இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர் ஒரு மக்களைப் பற்றி எழுதுவதென்றால் அந்த இடத்துக்கே போய், அவர்களோடு பேசிப் பழகி எழுதுகிறவர். படுகர்களைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்' அப்படி வந்ததுதான், இதுவும் அப்படித்தான். நாவலாகப் பார்த்தால் சில இடங்களில் பாத்திரங்கள் ஆசிரியருடைய குரலில் பேசிவிடுகிறார்கள், அது எனக்கு உறுத்தியது. ஆனால் உப்பு காலை அரிப்பதும், வெயில் வெள்ளைப் பரப்பில் பட்டுக் கண்ணைக் குத்துவதும், சுற்றி அவ்வளவு தண்ணீர் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாததும் படிக்கிறவன் உடம்பில் ஏறிவிடுகின்றன. பொன்னாச்சி மாதிரிப் பெண்கள் அந்த அளத்தில் படும் பாட்டைப் படித்த பிறகு, உப்பு என்ற சொல்லே எனக்குக் கனமாகிவிட்டது.

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பலரும் படித்திருப்பீர்கள். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் சினிமாவின் மினுக்கு அவர் கண்ணில் படவே இல்லை. வண்டி வந்ததா, ஆட்கள் வந்தார்களா, பணம் பட்டுவாடா ஆனதா என்பதுதான் அவருடைய சினிமா. தயாரிப்பு நிர்வாகி நடராஜன் விடியற்காலையில் படப்பிடிப்புக்கு எல்லோரையும் திரட்ட அலையும் அந்தத் தொடக்கத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன். எல்லாவற்றையும் ஓட வைத்த அந்த மனிதரை விட்டுவிட்டு நாவல் வேறு ஆட்களிடம் போய்விடுகிறது. அலுவலகமும் அப்படித்தான் போகிறது.

ஐந்தாவது கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989-ல் புக்கர் பரிசு பெற்றது. ஸ்டீவன்ஸ் ஒரு பெரிய இங்கிலாந்து மாளிகையின் தலைமைப் பணியாளர், வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர். 1956-ல் சில நாள் காரில் பயணம் போகிறார், வழி நெடுக நினைத்துக்கொண்டே போகிறார். மேல்மாடியில் அப்பா செத்துக்கொண்டிருக்கும்போது கீழே முக்கியமான விருந்தாளிகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த இரவை அவர் பெருமையாகச் சொல்கிறார். உண்மையாகவே பெருமையாக! அவர் வாழ்நாள் முழுக்க உழைத்துக் கொடுத்த டார்லிங்டன் பிரபுவோ நாஜிகளுக்கு உதவியவர் என்று பின்னால் பெயர் கெட்டவர். உழைப்பு சுத்தமாக இருந்தது, எதற்காக உழைத்தோம் என்பது சுத்தமாக இல்லை. அதே மாளிகையில் வேலை பார்த்த மிஸ் கென்டன் மேல் ஸ்டீவன்ஸுக்கு இருந்தது என்ன என்பதை அவர் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்லவே மாட்டார், நாம்தான் வரிகளுக்கு நடுவில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் உடைந்துபோகும் இடம் இருக்கிறதே, அதை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் போகாமல் இருந்தேன். அவர் அப்போது பிழைத்துக்கொண்டார், அதனால் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்த வருடம் நினைத்தேன்.

அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்த தம்பிக்குச் சென்ற மாதம் 'ஆரோக்கிய நிகேதன'த்தைப் படிக்கக் கொடுத்தேன். நாவல் படிக்கும் வழக்கம் இல்லாதவர், பாதியில் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். பிரத்யோத் பக்கம்தான் நியாயம் சார், ஒருத்தர்கிட்ட நீ சாகப்போறன்னு எப்படிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். நான் மஷாய்க்காகப் பேசினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம், அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. வைக்கும்போது, அடுத்து என்ன தருவீங்க என்றார். 'கரைந்த நிழல்கள்' எடுத்து வைத்திருக்கிறேன்.