திபெத் பெட்டி தேடிப் போனேன், சீன அலுமாரி வாங்கினேன்

அலுமாரி இன்னும் யாழ்ப்பாணம் வந்து சேரவில்லை. லொறிக்காரர் "நாளைக்குக் கட்டாயம்" என்கிறார். கொழும்பில் பட்ட எரிச்சலும் சந்தோஷமும் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரவு பஸ்ஸில் ஏசி இல்லை, சீட்டும் சாயவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்போது முதுகு மரத்துப்போய்விட்டது. காலையில் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஓட்டோ பிடித்தோம். மீற்றர் பழுதாம், 1,200 ரூபா வாங்கினார். அதே தூரத்துக்கு அக்கா வழக்கமாகக் கொடுப்பது 600. என் பட்ஜெட் மொத்தமே 150,000. இறங்கிய அரை மணி நேரத்திலேயே கைவைத்தால் கோபம் வராதா?

ஆனால் அருங்காட்சியகத்தில் அந்தக் கோபம் போய்விட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல், 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. தென்கரையில் கோயில் கொண்டிருந்த தெய்வமான தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் தமிழில் வரிசையாக இருக்கின்றன. சீனப் பொருள் வாங்கப் போகிற நாளில் அதன் முன்னால் நின்றது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் கடை. நான் தேடிப் போனது திபெத்தியப் பெட்டகம். பைன் மரம், முன்பக்கம் மட்டும் வர்ணம், அதில் டிராகன், தாமரை, சங்கு, முடிவில்லா முடிச்சு. சுவரோரம் வரிசையாக வைப்பதால் மற்றப் பக்கங்களுக்கு அவர்கள் மினக்கெடுவதில்லை. வெண்ணெய் விளக்குப் புகை படிந்து நிறம் இருண்டிருக்கும். படத்தில் பார்த்தே பைத்தியமாகியிருந்தேன்.

முதல் கடையில் அப்படியே ஒன்று இருந்தது. "200 வருஷப் பழசு மேடம், போன வருஷம்தான் பெய்ஜிங்கில் இருந்து வந்தது" என்றார் விற்பனையாளர். 320,000 ரூபா. எனக்குச் சந்தேகம் வந்தது அந்த வாக்கியத்தில்தான். 1911க்கு முந்திய கலைப்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 2007இலிருந்து சீனா தடை போட்டிருக்கிறது. ஆகவே ஒன்று பெட்டி பழசு இல்லை, இல்லாவிட்டால் கள்ளமாக வந்தது. போன் வெளிச்சத்தில் பின்பக்கம் பார்த்தேன். பலகையில் இயந்திர வட்டவாளின் வளைந்த கீறல்கள். பிணைச்சல் எல்லாவற்றிலும் நட்சத்திரத் தலைத் (பிலிப்ஸ்) திருகாணி. அந்தத் திருகாணி 1930களில்தான் வந்தது. ஒன்றிரண்டு என்றால் பிறகு திருத்தியது எனலாம், எல்லாமே என்றால்? அக்கா கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். புதுப் பெட்டியைப் புதுசென்று சொல்லி விற்றிருந்தால் வாங்கியிருப்பேன். பொய்தான் பொறுக்கவில்லை.

மத்தியானம் பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கடையில் சோறும் கணவாய்க் கறியும். கணவாய் பஞ்சு மாதிரி, கறியில் நல்ல மிளகுக் காரம். இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினேன். இருவருக்கும் 1,900 ரூபா, தாராளமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது கடையின் பின்முற்றத்தில் ஒரு வயதான ஓடாவியார் கதிரைக் காலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றது அந்த அலுமாரி. வட சீனாவின் எல்ம் மரம், சிவப்பு அரக்குப் பூச்சு தேய்ந்து, நடுவில் வட்டப் பித்தளைத் தகடு. கல்யாணச் சீர் அலுமாரி.

"பிள்ளை, கதவைத் தூக்கிப் பாருங்கோ" என்றார். தூக்கினேன், கையோடு வந்தது! பிணைச்சலே கிடையாது. மேலும் கீழும் மரமுளை, அது குழியில் நின்று சுழல்கிறது. நடுக்கட்டையும் கழன்றது. கதவுக்குக் கீழே வெளியில் தெரியாத ஓர் அறை. சட்டத்தில் வெட்டிய நீள்பள்ளத்தில் பலகையைப் பசை போடாமல் சும்மா செருகியிருக்கிறார்கள். மாரியில் ஊதவும் கோடையில் சுருங்கவும் மரத்துக்கு இடம் வேண்டுமாம். எங்கள் ஊர் வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? நேர்வெயில் படாமல் வையுங்கோ, பின்பக்கம் கறையான் பாருங்கோ என்று இரண்டு தரம் சொன்னார்.

கடைக்காரரும் நேர்மையானவர். ஒரு நூறு வருஷம் இருக்கலாம், ஒரு லாச்சியின் அடிப்பலகை புதுசு, நாங்கள்தான் போட்டோம் என்று கேட்காமலே சொன்னார். 240,000இல் தொடங்கி 185,000இல் முடிந்தது. லொறிக்கு இன்னும் 28,000. பட்ஜெட் போயே போய்விட்டது. அக்காவிடம் கடன் வாங்கினேன், மாதாமாதம் கொடுக்க வேண்டும். இருந்தாலும் இதே பணத்துக்கு இங்கே புதிதாக முதிரையில் ஒன்று செய்விப்பதைவிட இதைத்தான் மறுபடியும் வாங்குவேன்.

அளவெடுத்து வர மறந்துவிடாதீர்கள். நான் வீட்டு வாசலின் அகலத்தை அம்மாவிடம் போனில் கேட்டு, கடையில் நின்றே பார்த்துக்கொண்டேன். கதவுகளைக் கழற்றினால் பக்கவாட்டில் உள்ளே போகும்.

கூடத்தின் கிழக்குச் சுவரை நேற்றே ஒதுக்கிவிட்டேன். அந்தக் கீழறையில் அம்மம்மாவின் கூறைச்சேலையை வைக்கப் போகிறேன்.