துளசித் தொட்டிக்குப் போன தண்ணீர்

அக்டோபர் 6, 2025, திங்கள்

நேற்று ராத்திரி அம்மா வாசலைப் பார்த்து, "அவுக இன்னும் சாப்பிட வரலையா?" என்று கேட்டாள். அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. மறுபடியும் பக்கவாதமோ என்று பதறி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் இல்லை. பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று வந்தது. வயதானவர்களுக்குச் சில சமயம் உடம்பு சுடாமலே இப்படிப் புத்தி தடுமாறும் என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்காங்க?" என்றும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், அது தெரியவில்லை.

அக்டோபர் 8, புதன்

லீவு போட்டிருக்கிறேன். மாத்திரையில் அம்மா தெளிந்துவிட்டாள்.

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கட்டில் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். சாயங்காலம் பாதிதான் இருக்கும். குடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இன்று மதியம் நான் தூங்குகிறேன் என்று எண்ணி, இடது கையால் சொம்பைச் சாய்த்து ஜன்னலோரத் துளசித் தொட்டியில் ஊற்றினாள். ஏன் என்று கேட்டேன். முதலில் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஒம்பது மணிக்குப் போனா ஆறு மணிக்குத்தானளா வருத. குடிச்சா ஒண்ணுக்கு வரும். யாரு கூட்டிட்டுப் போவா?"

கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, மூன்று படி இறங்க வேண்டும். போன வருடம் தனியாகப் போய் விழுந்த பயம் இன்னும் போகவில்லை. டயப்பர் போட்டுக்கொள்ளச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதில் வற்புறுத்த எனக்கு மனமில்லை. கழிப்பறைக்குப் போகத்தானே கேட்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். மாத்திரைக்காக அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கும் பாடு இல்லாமல் போனது இதனால்தான். நன்றியோடு சொல்கிறேன்.

உடன் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு அளவுகோலை வெளியிட்டார்களாம். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது: இந்த ஆறில் எதெது ஒருவருக்குத் தானாக முடிகிறது என்று பார்ப்பது. அம்மாவுக்குச் சாப்பாடும் அடக்குவதும் முடியும். மற்ற நான்குக்கும் ஆள் வேண்டும். குளிப்பாட்டுவதையும் உடுத்துவதையும் காலையில் என் வசதிக்கு முடித்துவிடுகிறேன். மற்ற இரண்டும் யார் வசதிக்கும் காத்திருக்காது. அவளால் அடக்க முடிவதால்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே போனது.

ஊனச் சான்றுக்குப் போனபோதும் சரி, வீட்டுக்கு யார் கணக்கெடுக்க வந்தபோதும் சரி, "கவனிக்க ஆள் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை. எத்தனை மணிக்கு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணன் போனில், "நல்ல ஹோமா பாத்துச் சேத்துருவோமா, பணம் நான் தாரேன்" என்றான். கெட்ட எண்ணமில்லை. ஆனால் அம்மாவுக்கு வீடு மாற வேண்டியதில்லை, பகலில் இரண்டு மூன்று தடவை கைகொடுக்க ஒரு ஆள் போதும். அந்தப் பணத்தில் அதைச் செய் என்றேன். சரி என்றான்.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி முடிந்து இன்றுதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. கமோடு நாற்காலி வாங்கிக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாயிற்று. கட்டில் தாழ்வாக இருந்ததால் எழ முடியவில்லை, கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். தெருமுனை வீட்டு அக்கா பதினொன்றுக்கும் இரண்டுக்கும் வந்து போக ஒப்புக்கொண்டார். அம்மாவைத் தூக்காமல், தானே எழ விட்டு இடுப்பில் மட்டும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

அக்கா பதினொன்றேகாலுக்குப் போன் பண்ணினார். "ரெண்டு டம்ளர் குடிச்சாச்சு, போயும் வந்தாச்சு." பின்னால் அம்மா ஏதோ அதட்டுவது கேட்டது, இதையெல்லாமா போனில் சொல்வது என்று.

இரண்டு மணிக்கு அக்கா வந்து போனபின், நான் வரும்வரை நான்கு மணி நேரம். அதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தேன். அக்கா போகும்போது சொம்பில் ஊற்றி வைத்த தண்ணீர் குறையாமல் இருந்தது.