30 செகண்ட் ரிங்கும் 28 நாள் பேக்கும்: ட்ராய் எப்படி வேலை செய்யுது

கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டு வெறுத்துப் போனதும் நம்ம ஆளுங்க எல்லாரும் எடுத்து விடற கடைசி டயலாக் ஒண்ணு இருக்கு, "நான் ட்ராய்ல கம்ப்ளைன்ட் பண்ணிருவேன் பாத்துக்கங்க". அந்தப் பக்கம் இருக்கற பையன் "கண்டிப்பா சார்"னு ரொம்ப பணிவா சொல்லுவான், ஏன்னா ட்ராய், அதாவது போன், டிவி கம்பெனிங்களுக்கு விதி போடற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனித்தனி ஆளோட புகாரை எடுத்து விசாரிக்கற இடமே இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். நீங்க டெல்லிக்கு எழுதினாலும் அவங்க அதை அந்தக் கம்பெனிக்கே தான் தள்ளி விடுவாங்க, சட்டத்துல அவங்களுக்குக் குடுத்திருக்கற வேலையே வேற.

புகாருக்கு வழி என்னன்னா 198க்கு கூப்பிட்டு டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண் வாங்கணும், அதுல சரியாகலைன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்குப் போகணும், அதுக்கு காசு கிடையாது. அதுவும் வேலைக்காகலைன்னா கன்ஸ்யூமர் கோர்ட். இந்தக் கடைசிக் கதவு நடுவுல பல வருஷம் பாதி மூடிக் கிடந்துச்சு, 2009ல ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் டெலிபோன் தகராறுக்கெல்லாம் பழைய டெலிகிராப் சட்டத்துலயே தனி வழி இருக்கு அங்க போங்கன்னு சொல்லிட்டாங்க, 2022 பிப்ரவரியில தான் இல்ல, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் தாராளமா போகலாம்னு தெளிவாச்சு.

அப்ப ட்ராய் எதுக்குத்தான் இருக்கு? 90கள்ல தனியார் செல்போன் கம்பெனிங்க உள்ள வந்தப்ப அவங்களுக்கு லைசென்ஸ் குடுக்கறதும் தொலைத்தொடர்புத் துறை, அவங்களுக்குப் போட்டியா கனெக்‌ஷன் விக்கிறதும் அதே தொலைத்தொடர்புத் துறை, இது எங்க போய் முடியும்னு சொல்லத் தேவையில்ல. அதனால 1997ல சட்டம் போட்டு ட்ராயை ஆரம்பிச்சாங்க. ஒரு சேர்மன், அதிகபட்சம் ரெண்டு முழுநேர உறுப்பினர், ரெண்டு பகுதிநேர உறுப்பினர், அவ்வளவு தான் மேல்மட்டம். ஆனா லைசென்ஸ் குடுக்கற அதிகாரம் இன்னைக்கு வரைக்கும் டாட் கிட்ட, அதாவது தொலைத்தொடர்புத் துறை கிட்ட தான் இருக்கு. ஸ்பெக்ட்ரம் ஏலம் விடறதும் அவங்க தான். ட்ராய் "இந்த விலையில ஆரம்பிக்கலாம், இப்படி விடலாம்"னு பரிந்துரை பண்ணும், டாட்டுக்குப் பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பும், ட்ராய் மறுபடி பதில் சொல்லும், கடைசி முடிவு அரசாங்கத்தோடது. (நம்ம ஊர்ல ஸ்பெக்ட்ரம்னு ஆரம்பிச்சாலே கமெண்ட்ல ரெண்டு கட்சி சண்டை வரும், அதனால அதை இதோட விட்டுடறேன்.)

முதல்ல கம்பெனிங்களுக்குள்ள வர்ற தகராறை விசாரிக்கற அதிகாரமும் ட்ராய்க்கு இருந்துச்சு, 2000ல சட்டத்தைத் திருத்தி அதைப் பிடுங்கி டிடிசாட்னு ஒரு தனி தீர்ப்பாயத்துக்குக் குடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறதுல பல்லு உள்ள விஷயம்னு பாத்தா கட்டணம், சேவைத் தரம், அப்புறம் ஒரு கம்பெனி நெட்வொர்க்கும் இன்னொரு கம்பெனி நெட்வொர்க்கும் எப்படி சேரணும்ங்கறது. இந்த மூணுல விதி போட்டா எல்லாரும் கேட்டுத்தான் ஆகணும். ஆனா விதி வந்த மறுநாளே கம்பெனிக்காரங்க அந்த விதியோட ஓரத்துக்கு நகர்ந்து உக்காந்துக்குவாங்க, அதைப் பாத்து ட்ராய் இன்னொரு விதி போடும், இருபத்தஞ்சு வருஷமா இந்த ஆட்டம் தான் நடந்துட்டிருக்கு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கதை ரிங் கதை. இன்கமிங்குக்கே காசு பிடிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, 2003 மே மாசம் அது போச்சு. அதுக்குப் பதிலா வந்த ஏற்பாடு என்னன்னா, ஏ கம்பெனி நம்பர்லருந்து பி கம்பெனி நம்பருக்கு கூப்பிட்டா ஏ கம்பெனிக்காரன் பி கம்பெனிக்காரனுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கணும். இதுக்குப் பேரு ஐயூசி, நம்ம பில்லுல வராது ஆனா நம்ம காசு தான். ஒரு காலத்துல 30 பைசா, 2009ல 20, 2015ல 14, 2017 அக்டோபர்ல ஒரே அடியா 6 பைசான்னு ட்ராய் குறைச்சுக்கிட்டே வந்துச்சு. ஜியோ வந்தப்புறம் அவங்க கஸ்டமர் ஃப்ரீ கால்னு மத்த நெட்வொர்க்குக்கு அடிச்சுத் தள்ளினாங்க, அப்ப காசு ஜியோலருந்து ஏர்டெல், வோடஃபோன் பக்கம் போகும் இல்லையா. 2019ல திடீர்னு ஜியோலருந்து போற கால் 20 செகண்ட் ரிங் ஆகி நின்னு போக ஆரம்பிச்சுது. யோசிச்சுப் பாருங்க, பாக்கெட்லருந்து போனை எடுத்துப் பாக்கறதுக்குள்ள கட், அது மிஸ்டு கால் ஆயிடுச்சு, எதிர்ல இருக்கறவர் திருப்பிக் கூப்பிடுவார், இப்ப காசு எந்தப் பக்கம் போகுது? தலைகீழா ஜியோவுக்கு வருது. மிஸ்டு கால் குடுத்தே காதலை வளர்த்த நாட்டுல இது எவ்வளவு வேலை செய்யும்னு கணக்குப் போட்டிருக்காங்க பாருங்க. மத்தவங்க சும்மா இருப்பாங்களா, ட்ராய் கிட்ட குறை சொல்லிட்டு அவங்களும் 25 செகண்டா குறைச்சாங்க. கடைசியில 2019 நவம்பர்ல ட்ராய் உக்காந்து, செல்போன்னா 30 செகண்ட், லேண்ட்லைன்னா 60 செகண்ட் மணி அடிக்கணும்னு விதி போட்டுச்சு. 130 கோடி பேர் நாட்டுல போன் எத்தனை செகண்ட் அடிக்கணும்னு அரசாங்க உத்தரவு! இன்னைக்கும் உங்க போன் எடுக்காம விட்டா கொஞ்ச நேரம் அடிச்சு ஓயுதுல்ல, அதுக்குப் பின்னாடி இந்தப் பஞ்சாயத்து இருக்கு. 2021 ஜனவரி 1லருந்து ஐயூசியே பூஜ்யம் ஆயிடுச்சு, அதோட அந்த விளையாட்டும் முடிஞ்சுது.

விலை விஷயத்துல தான் ஜனங்க ட்ராய் மேல ரொம்ப கோபமா இருக்காங்க. 2024 ஜூலையில எல்லா தனியார் கம்பெனியும் அடுத்தடுத்து ரேட்டை ஏத்தினப்ப ட்ராய் ஏன் கேக்கலைன்னு வாட்ஸாப்ல ஒரே பொங்கல். கேக்கலைங்கறது உண்மை, ஏன்னா பல வருஷம் முன்னாடியே போட்டி நிறைய இருக்கு, நீங்களே ரேட் வச்சுக்கங்க, வச்சப்புறம் எங்களுக்கு சொன்னா போதும்னு ட்ராய் கையை எடுத்துருச்சு. அப்ப இருந்த கம்பெனிங்க எத்தனை, இப்ப இருக்கறது எத்தனைன்னு நீங்களே விரல் விட்டு எண்ணிக்கங்க. ரேட்டுக்கு உச்சவரம்பு போடற அதிகாரம் இன்னும் அவங்க கிட்ட தான் இருக்கு, ஆனா பயன்படுத்தறதில்ல.

அதுக்குப் பதிலா என்ன பண்றாங்கன்னா, "இப்படி ஒரு பேக் வை"ன்னு சொல்றாங்க, "இவ்வளவுக்கு வை"ன்னு சொல்றதில்ல. 28 நாள் பேக்கை எடுத்துக்கங்க, வருஷத்துக்கு 12 மாசம் ஆனா 13 ரீசார்ஜ். எல்லாரும் கத்தினப்புறம் 2022 ஜனவரியில, ஒவ்வொரு வகையிலும் குறைஞ்சது ஒரு பிளானாவது 30 நாளுக்கு இருக்கணும், ஒண்ணு மாசாமாசம் அதே தேதியில புதுப்பிக்கற மாதிரி இருக்கணும்னு உத்தரவு வந்துச்சு. குறைஞ்சது ஒண்ணுன்னா வைக்கறது ஒண்ணு தானே, மத்ததெல்லாம் 28, 56, 84னு அப்படியே தான் ஓடுது. வாய்ஸ் பேக்கும் இதே கதை. பட்டன் போன் வச்சிருக்கற அம்மா அப்பாக்கெல்லாம் எதுக்கு தினம் 2 ஜிபி, நாட்டுல இன்னும் சுமார் 15 கோடி பேர் பட்டன் போன் தான் வச்சிருக்காங்கன்னு ட்ராயே எழுதி, 2024 டிசம்பர்ல டேட்டா இல்லாம பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் கட்டாயம்னு சொன்னாங்க. வந்துச்சு. விலையைப் பாத்தா 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல. எங்க அம்மா "இதுக்கு அந்த நெட்டும் சேத்தே போட்டுடுடா, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க யாராச்சும் பாக்கும்"னாங்க. அம்மா போன்ல ஹாட்ஸ்பாட் கிடையாதுங்கறதை நான் சொல்லல.

இப்ப கேபிளுக்கு வருவோம், 2004லருந்து டிவி ஒளிபரப்பும் ட்ராய் கையில தான். எங்க சித்தப்பா கேபிள் ஆபரேட்டர், அதனால 2019 ஜனவரி, பிப்ரவரியை நான் பக்கத்துல இருந்தே பாத்தேன். சேனலுக்கு சேனல் தனி ரேட், வேணும்ங்கறதை மட்டும் வாங்கிக்கலாம்னு புது முறை. அடிப்படைக் கட்டணம் 100 சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேத்து 153 ரூபாய் 40 பைசா, அதுக்கு மேல சன் டிவி 19, விஜய் 17னு கூட்டிக்கிட்டே போகணும். சித்தப்பா வீட்டு வீட்டுக்கு ஃபாரம் எடுத்துட்டுப் போனார், ரெண்டு பக்கமும் பொடி எழுத்துல சேனல் பேரு, பக்கத்துல ரேட்டு, டிக் அடிக்க ஒரு கட்டம். பாதிப் பேர் கண்ணாடியைத் தேடினாங்க, மீதிப் பேர் "நீயே போட்டுக்கப்பா, சீரியல் மட்டும் நிக்கக் கூடாது"ன்னாங்க. ஒரு காலத்துல அரசு கேபிள்ல 70 ரூபாய் கட்டிப் பழகின ஊரு இது.

இந்த முறை தப்புன்னு ஸ்டார், விஜய் டிவி கம்பெனிங்க கேஸ் போட்டது நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல தான். 2018 மார்ச்ல ரெண்டு நீதிபதிங்க ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க, மே மாசம் மூணாவது நீதிபதி கிட்ட போய் ட்ராய் ஜெயிச்சுது, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. ஆனா ஒரே ஒரு விஷயம் மட்டும் கோர்ட்ல அடிபட்டுப் போச்சு: சேனல்களைக் கட்டா கட்டி வித்தா 15 சதவீதத்துக்கு மேல தள்ளுபடி தரக் கூடாதுங்கற வரம்பு. சின்ன விஷயம் மாதிரி தெரியுதுல்ல? மொத்தத் திட்டமும் சாய்ஞ்சது அங்க தான். தனியா எடுத்தா ரெண்டு சேனலே 36 ரூபாய், கட்டா எடுத்தா கிட்டத்தட்ட அந்தக் காசுக்கு ஏழெட்டு சேனல், எவன் தனித்தனியா டிக் அடிப்பான்? எல்லாரும் கட்டையே எடுத்தாங்க, பாக்காத சேனலுக்கும் காசு கட்டினாங்க, பில்லு ஏறிப் போச்சு, திட்டு வாங்கினது சித்தப்பா. அப்புறம் ட்ராய் திருத்தம் மேல திருத்தம் கொண்டு வந்துச்சு, 130க்கு 200 சேனல்னாங்க, கட்டுல வர்ற சேனலுக்கு 12 ரூபாய் வரம்புன்னாங்க, அதுவும் கோர்ட்டுக்குப் போச்சு, 2022 நவம்பர்ல மறுபடி பழைய 19 ரூபாய் வரம்புக்கே வந்து நின்னு தள்ளுபடி 45 சதவீதம் வரைக்கும்னு முடிச்சாங்க. 2024 ஜூலையில அந்த 130 உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க.

கோர்ட்ல எப்பவும் ஜெயிக்கிறதும் கிடையாது. கால் டிராப் ஆனா ஒரு கால் கட்டுக்கு 1 ரூபாய், ஒரு நாளைக்கு 3 வரைக்கும் கம்பெனி நமக்குத் தரணும்னு 2015ல ஒரு விதி போட்டாங்க, 2016 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தூக்கி வீசிட்டாங்க. கட்டாகறதுக்குக் காரணம் கம்பெனி மட்டும் தானா, நம்ம பக்கக் கோளாறாவும் இருக்கலாமேன்னு கேட்டாங்க, அதுக்கு மேல இந்த விதி வெளிப்படையா யோசிச்சுப் போட்டதா தெரியலன்னும் சொன்னாங்க. இந்தக் கடைசி வார்த்தை முக்கியம், ஏன்னா எதையும் வெளிப்படையா பண்ணணும்னு ட்ராய் சட்டத்துலயே எழுதியிருக்கு.

அந்த வெளிப்படைங்கறது நடைமுறையில எப்படின்னா, முதல்ல கன்சல்டேஷன் பேப்பர்னு ஒண்ணு வெப்சைட்ல போடுவாங்க, பிரச்சினை இது, எங்க கேள்விங்க இதுன்னு. யார் வேணா பதில் எழுதலாம். அப்புறம் அடுத்தவங்க எழுதினதுக்கு எதிர்ப் பதில் எழுத டைம். அப்புறம் ஓபன் ஹவுஸ்னு ஒரு கூட்டம். கடைசியில விதி, அது கூடவே ஏன் இந்த முடிவுன்னு ஒரு நீளமான விளக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பைப் படிச்சீங்கன்னா எந்தக் கம்பெனி என்ன கேட்டுச்சு, யார் எதை எதிர்த்தாங்கன்னு மொத்தமும் தெரியும், நான் சீரியல் பாக்கற மாதிரி அதைத் தான் படிக்கிறேன். ஜனங்க உள்ள புகுந்து முடிவையே மாத்தினதும் நடந்திருக்கு: 2015ல நெட் நியூட்ராலிட்டி, அதாவது எல்லா சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணுமாங்கறது பத்தின பேப்பர் வந்தப்ப பத்து லட்சத்துக்கு மேல மெயில் போச்சு, ட்ராய் அவ்வளவு பேரோட மெயில் ஐடியையும் அப்படியே வெப்சைட்ல போட்டு மாட்டிக்கிச்சு (என் நண்பன் ஒருத்தனுக்கு அதுக்கப்புறம் வந்த ஸ்பேம் இருக்கே...), 2016 பிப்ரவரி 8ல ஒரு சைட்டுக்கு ஃப்ரீ இன்னொண்ணுக்குக் காசுங்கற விலை முறையே கூடாதுன்னு விதி வந்து சில சைட்டை மட்டும் ஃப்ரீயா தந்த ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டிச்சு.

ஆனா அது மாதிரி அடிக்கடி நடக்கறதில்ல. சாதாரண பேப்பர் ஒண்ணை எடுத்துப் பாத்தா பதில் எழுதினது கம்பெனிங்க, கம்பெனி சங்கங்க, வக்கீல் ஆபீஸுங்க, நடுவுல ரெண்டு மூணு நுகர்வோர் அமைப்பு. நூறு பக்கம் இங்கிலீஷ், எழுத நாலு வாரம், ரீசார்ஜ் கடைக்காரருக்கும் கேபிள் ஆபரேட்டருக்கும் அது எங்க கண்ணுல படப் போகுது. சித்தப்பா கிட்ட, நீங்க சொல்லுங்க சித்தப்பா, அடுத்த பேப்பர் வந்தா நான் டைப் பண்ணி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். "அதெல்லாம் அப்புறம்டா, அந்த அடிப்படைக் கட்டணத்துல நூத்துக்கு 55 எம்எஸ்ஓவுக்கு, எனக்கு 45னு எவன் போட்டான், அவனுக்கு முதல்ல எழுது"ன்னார். (எம்எஸ்ஓன்னா சித்தப்பா மாதிரி ஆபரேட்டருங்களுக்கு சிக்னல் குடுக்கற பெரிய கேபிள் கம்பெனி.) போட்டது ட்ராய் தான், நீங்களும் எம்எஸ்ஓவும் ஒத்துப் போகலைன்னா மட்டும் தான் அந்தக் கணக்குன்னேன். எம்எஸ்ஓ கூட எவன் ஒத்துப் போவான்னு கேட்டுட்டு, யார் வீட்லயோ சிக்னல் இல்லன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.