கோட்டையும் கொட்டாயும்: பழைய வரைபடத்தை வைத்து ஊர் வரலாறு எழுதியவளின் அனுபவம்

கடந்த வாரம் முடிவு வந்தது. முதுகலை வரலாற்றின் திட்டக்கட்டுரையில், முதல் முறை "திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்பட்ட நான், இம்முறை 200க்கு 158 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறேன். உடன் படித்தவர்கள் ஆறு மாதங்களுக்கு முன்பே சான்றிதழ் வாங்கிச் சென்றுவிட்டபடியால், எனக்கு மகிழ்ச்சியைவிட ஆறுதல்தான் அதிகம். பழைய நிலப்பரப்பு வரைபடங்களைக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றையோ ஒரு குடும்பத்தின் வம்சாவளியையோ எழுத எண்ணி, அடுத்த பருவத்தில் தலைப்புக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்க அளவு, அத்தியாய அமைப்பு, மதிப்பெண் பங்கீடு எல்லாம் நீங்கள் அறிந்தவையே.

என் தலைப்பு தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டத்தின் சிற்றூர்களைப் பற்றியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள், 1 அங்குலத்துக்கு 1 மைல் என்ற அளவில், 57 எல்/3 என்ற எண்ணோடு கைக்கு வந்தபோது, அதில் கோட்டை என்று முடியும் பெயர்கள் ஏழு இருப்பதைக் கண்டேன். வடக்கே இராயக்கோட்டை இருக்கிறது. இப்பகுதியின் பழைய பெயரான பாராமகால் என்பதே பன்னிரண்டு மலைக்கோட்டைகளால் வந்தது என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. இவை இரண்டும் போதுமானவையாக எனக்குத் தோன்றின. 1792இல் திப்பு சுல்தான் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைப்பதற்கு முன்பு, பெரிய கோட்டைகளுக்கு இடையே காவல் வரிசையாகச் சிறு கோட்டைகள் இருந்திருக்க வேண்டும் என்று 22 பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதினேன். வழிகாட்டியாக இருந்தவர் அதைப் படித்தாரா என்பது எனக்கு இன்றுவரை ஐயம்தான். கையொப்பம் மட்டும் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் எங்கள் பகுதியின் மாரண்டஅள்ளிப் பக்கத்துக்காரர் என்பது அவர் பேசத் தொடங்கிய பிறகே தெரிந்தது. அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "ஏம்மா, இந்தக் கோட்டையில எத்தனை மாடு கட்டலாம்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அருகிலிருந்தவர் சிரித்துவிட்டார். பிறகுதான் அவர் சொன்னார்: நான் கோட்டை என்று படித்த ஏழும் கொட்டாய்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கோட்டையும் கொட்டாயும் அதே ஆறு எழுத்துகளாகத்தான் வருகின்றன. குறிலா நெடிலா, இறுதியில் ஐயா ஆயா என்பதைக் காகிதம் சொல்லாது. இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையாக இருந்தது. குடியிருப்புக்கு ஒரு குறி, கைவிடப்பட்ட குடியிருப்புக்கு ஒரு குறி, கோட்டைக்கு ஒரு குறி என்று அதே தாளின் அடியில் விளக்கம் அச்சிட்டிருக்கிறதே, உங்கள் ஏழு இடங்களில் எதிலாவது கோட்டைக் குறி இருக்கிறதா என்றார். ஓரிடத்திலும் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஊர்நத்தத்தை விட்டு விலகித் தன் நிலத்திலேயே மாட்டுக்கொட்டகையும் வீடுமாக ஒருவர் குடியேறினால், அந்த இடம் அவர் பெயரால் இன்னார் கொட்டாய் என்று அழைக்கப்படும். பிள்ளைகளும் பேரன்களும் சுற்றிலும் வீடு கட்ட, இரண்டு மூன்று தலைமுறைகளில் அது பேருந்து நிறுத்தம் உள்ள சிற்றூராகிவிடும். நான் பிறந்ததும் அப்படிப்பட்ட ஒரு கொட்டாயில்தான். எங்கள் கொட்டாயின் பெயர் எனக்குத் தெரியும் என்பதால் அதை மட்டும் சரியாகப் படித்துவிட்டு, தெரியாத ஏழையும் கோட்டையாக்கியிருக்கிறேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவே, நூறு அறிவுரைகளுக்கு இடையே நான் அழுத்திச் சொல்வது இதுதான்: வரைபடத்தில் உள்ள ஒரு பெயரைக்கூட, அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்காமல் தமிழில் எழுதாதீர்கள். நான் கூச்ச சுபாவம் உள்ளவள். நேர்காணல், கேள்வித்தாள், ஒலிப்பதிவு என்று வழிகாட்டி நூல்கள் சொல்வதெல்லாம் எனக்கு ஒத்துவராதவை. இரண்டாம் முறை நான் செய்தது, தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நடந்து சென்று, எதிரில் வருபவரிடம் "இந்த இடத்துக்கு என்ன பேருங்க?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டதுதான். கேள்வி சிறிதாக இருந்தால் பதில் நீளமாக வருகிறது என்பது என் அனுபவம். பெயரைச் சொன்ன கையோடு, யார் பெயர், அவர் எங்கிருந்து வந்தார், எந்தப் பங்காளி வழி என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தாளில் ஹள்ளி என்று முடிவது ஊரார் வாயில் அள்ளி என்று வரும். ல, ள, ழ வேறுபாடும் நடந்து போனால்தான் கிடைக்கும்.

இனி, வரிசை பாராமல் சில குறிப்புகள்.

தாள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தருமபுரி 57 எல்/4. கிருஷ்ணகிரி 57 எல்/2. பென்னாகரம் 57 எச்/16. ஒவ்வொரு தாளும் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பரப்பைக் காட்டுகிறது. உங்கள் ஊர் தாளின் ஓரத்தில் இருந்தால் பக்கத்துத் தாளையும் தேடுங்கள்.

அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. இரண்டும் ஓரத்தில் இருக்கும். மேற்கோள் காட்டவேண்டியது அளந்த ஆண்டை.

மிகப் பழைய தாள்களில் தீர்க்கரேகையைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் குறிப்பு இருக்கும். சென்னை வானாய்வகத்தின் பழைய தீர்க்கரேகைக் கணக்கில் இருந்த பிழையால் 2 நிமிடம் 27 விநாடி கழிக்கவேண்டும். நம் பகுதியில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். கழிக்க மறந்தால் உங்கள் ஊர் பக்கத்து ஊர் ஏரிக்குள் போய் நிற்கும்.

கணினியில் பழைய தாளை இன்றைய படத்தின் மேல் பொருத்த கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். பொருத்தும் புள்ளிகளாகச் சாலைச் சந்திப்புகளை எடுக்காதீர்கள், அவை நகர்ந்திருக்கும். மலை உச்சியின் அளவைக் குறி, பெரிய ஏரிக்கரையின் மூலை, பழைய கோயில் ஆகியவை நம்பத்தக்கவை. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் எழுதுகிறவர்கள், 1950களில் அணை கட்டுவதற்கு முந்தைய தாளைத் தவறாமல் பாருங்கள். தென்பெண்ணை வெறும் ஆறாக ஓடுவதை அதில் காணலாம்.

காலத்தைச் சரிபார்க்க எனக்குக் கைகொடுத்தது சிறிய ரயில்பாதை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த குறுகிய ரயில், 1913இல் ஓசூர் வரை நீண்டு, 1941இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அந்தப் பாதை இருக்கும் தாள் இந்த இடைவெளியைச் சேர்ந்தது என்று ஒருவாறு கொள்ளலாம். பாதை இல்லாத தாள் 1913க்கு முந்தையதாகவும் இருக்கலாம், 1941க்குப் பிந்தையதாகவும் இருக்கலாம் என்பதால், அங்கே ஓரக் குறிப்பே தீர்ப்பு.

தீர்க்கரேகைக் குறிப்பு உள்ள தாளையும் ரயில்பாதை உள்ள தாளையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எங்கள் குடும்பக் கதை பிடிபட்டது. பாட்டி எப்போதும் ஏழு தலைமுறையாக இந்தக் கொட்டாயில் இருக்கிறோம் என்பார். தீர்க்கரேகைக் குறிப்பு உள்ள பழைய தாளில் எங்கள் இடத்தில் ஒரு கிணறும் ஒற்றையடிப் பாதையும் மட்டும் இருக்கின்றன. ரயில்பாதை உள்ள தாளில் பூட்டனுடைய தந்தையின் பெயரோடு கொட்டாய் வந்துவிடுகிறது. அதே தாளில், இன்று காப்புக்காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலின் குறியும், அதையொட்டிக் கைவிடப்பட்ட குடியிருப்பின் குறியும், அங்கிருந்து எங்கள் கிணற்றை நோக்கி வரும் பாதையும் தெரிகின்றன. தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) ஊரே காலியானது என்று பாட்டி சொல்லிவந்தது அந்த இடத்தைத்தான். 1871, 1881 ஆகிய இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குப் பின் வந்த 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் எஞ்சியவர்கள் திரும்பிப் போகும் வழியையும் அடைத்திருக்கக்கூடும் என்று கட்டுரையில் ஊகமாகவே எழுதினேன். கூடும் என்ற சொல்லை வெளித்தேர்வாளர் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் சரி என்று குறித்திருந்தார். என் முதல் பிரதியில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஆக, கொட்டாயில் நாங்கள் ஐந்தாம் தலைமுறை. ஏழு என்பது பழைய ஊரையும் சேர்த்த கணக்காக இருக்கலாம். பங்காளிகளில் ஒருவருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெயர் தாளில் இல்லாததாலேயே அந்த இடத்தில் ஆள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 1 அங்குலத்துக்கு 4 மைல் அளவில் உள்ள தாள்கள் சிறு குடியிருப்புகளை விட்டுவிடுவது இயல்பு. வரைபடம் இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஆளுக்கு, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேடு, இனாம் பதிவேடு, வில்லங்கச் சான்று, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றுக்குத்தான் போகவேண்டும். பத்திரத்தில் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, ஒருவரும் படிப்பதில்லை. "இன்னார் கொட்டாய்க்குப் போகும் வண்டித்தடத்துக்கு வடக்கு" என்று எங்கள் பத்திரத்தில் உள்ள ஒரு வரி, தாளில் புள்ளிக்கோடாக வரும் பாதையோடு அப்படியே பொருந்தியது. இரண்டாம் முறை எனக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்தது அந்த ஒரு பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள், நாம் அன்று சேலம் மாவட்டம் என்பதை மறக்காதீர்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். தருமபுரி என்ற தலைப்பில் தேடி ஒரு முழு நாளை நான் வீணாக்கினேன். 1792 முதல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் செய்த நில அளவையைப் பற்றிய பதிவுகள் பாராமகால் என்ற பெயரில்தான் கிடைக்கும்.

கடைசியாக, பைண்டிங். வரைபட நகலைக் கட்டுரை அளவுக்குச் சுருக்கி ஒட்டாதீர்கள். பெயர்கள் படிக்க முடியாமல் போகும், தேர்வாளர் கேட்கும்போது நீங்களும் தடுமாறுவீர்கள். முழு அளவில் எடுத்து, நான்காக மடித்து, பின்னட்டையில் ஒரு பை தைத்து வையுங்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனியாக 60 ரூபாய் கேட்டார்கள்.